ஸைத்தூன் எண்ணெய் வியாபாரி

மாமா சொன்ன கதையில் அவர் ஸைத்தூன் எண்ணெய் வியாபாரி. பெயர் டொன் கொர்லியோனி. இத்தாலியிலிருந்து கப்பலில் எண்ணெய் இறக்கி நியூயோர்க்கில் விற்பார். "நல்ல மனுசன். ஆனா அவர்ர சொல்லத் தட்டக் கூடா" என்று மாமா சொன்னதும் எனக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. அத்தியின் மீதும் ஸைத்தூனின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்கும் சூராவை அந்த நாள்களில்தான் ஓதப் போகுமிடத்தில் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். குர்ஆனில் பேர் வந்த மரத்தின் எண்ணெயை விற்கிறவர் எப்படிக் கெட்டவராக இருக்க முடியும்? வெள்ளைத் தொப்பி, தோளில் பச்சைச் சால்வை, கிட்டப் போனால் அத்தர் வாசம் என்று ஓர் ஆளை மனதில் இருத்திக்கொண்டேன். மார்லன் பிராண்டோவை நான் பார்த்ததற்கு முந்தி என் டொன் இவர்தான். இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் பிராண்டோ தலையில் தொப்பி இல்லாமல் இருப்பது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

மாமா கதையை எடுத்த புத்தகத்தின் பேரும் இதற்குத் தோதாக அமைந்தது. கிறிஸ்தவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில் பக்கத்தில் பொறுப்பாக நிற்கிறவருக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பேர் என்று, கூட வேலை செய்த ஒரு கத்தோலிக்கரிடம் மாமா கேட்டு வந்திருந்தார். தமிழில் ஞானத்தகப்பன். எங்களுக்கு ஞானம் என்றால் ஷெய்குமார்தான். டொன்னிடம் வருகிறவர்களெல்லாம் கையை முத்தமிட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்றும் மாமா சொன்னார். சந்தேகமே இல்லை, பெரிய ஷெய்கு.

1984, ஜனவரி பெப்ரவரி மாதங்கள். எனக்குப் பத்து வயது. பெரும்போகத்து நெல் குடலை தள்ளி, கதிர் பால்பிடித்து நின்ற காலம். இராக்காவலுக்கு வாப்பாவும் மாமாவும் வயல் வாடிக்குப் போவார்கள். வெள்ளி, சனி இரவுகளில் என்னையும் கூட்டிப் போவார்கள்.

மாவடிப்பள்ளியைத் தெரியாதவர்களுக்கு: காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், சம்மாந்துறைக்கு முன்னால் வரும் சின்ன ஊர். பேரிலேயே ஒரு மாமரமும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. மற்றதெல்லாம் வயல். மாரி பிடித்தால் வீதித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும், ஊர் தீவாகிவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அந்தத் தண்ணீரில் அள்ளுண்டு போனபோதுதான் வெளியூரார் பலருக்கு எங்கள் ஊரின் பேர் தெரியவந்தது. அந்தப் பேரை அப்படி ஒரு செய்தியில் கேட்டிருக்க வேண்டாம். இப்போதெல்லாம் யானைகள் ஊருக்குள்ளேயே வந்து மதிலை உடைத்துவிட்டுப் போகின்றன. எங்கள் காலத்தில் பயமெல்லாம் பன்றிக்குத்தான். தகரம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஆள் மாறி ஆள் இழுத்து அடிப்போம். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர் பக்கத்திலேயே சளசளக்கும். அரிக்கன் லாம்பைச் சுற்றிப் பூச்சி. ஒரு பிளாஸ்க் நிறையப் பிளேன்டீ. மூத்தம்மா துணியில் பொதிந்து கொடுத்துவிட்ட அவித்த மரவள்ளிக்கிழங்கு.

இரண்டு பெரிய ஆண்கள், ஒரு சின்ன விளக்கு, விடியும் மட்டும் விழித்திருக்கும் வேலை. அப்படியிருந்தும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். "மனே, மாமாக்கிட்ட அந்த டோச்ச வாங்கு" என்பார் வாப்பா. மாமா கையெட்டும் தூரத்தில்தான் இருப்பார். "வாப்பாட்ட சொல்லு, பற்றி முடியப் போகுது எண்டு" என்பார் மாமா. மச்சானும் மச்சானும் என்றால் இப்படித்தானாக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாமா உம்மாவின் தம்பி. வாப்பா அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை.

பேச்சில்லாத அந்த இடத்தை நிரப்பத்தான் கதை வந்தது. மாமா ஹிங்குரானை சீனித் தொழிற்சாலையில் கிளாக். கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய அந்தப் புத்தகத்தை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு வருவார். கறுப்பு அட்டை. எழுத்துக்கு மேலே ஒரு கை. பொம்மலாட்டக்காரனின் கைபோல அதிலிருந்து நூல்கள் இறங்கி எழுத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஸ். நீல் ஃபுஜிட்டா என்ற ஓவியர் வரைந்த அடையாளம் அது என்பதை வெகுகாலத்துக்குப் பிறகு அறிந்தேன். அப்போது அது எனக்குத் தூண்டில் போடுகிற கை. மாமா ஒரு பக்கத்தை விளக்கின் கீழ் பிடித்துத் தனக்குள் வாசிப்பார். பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு எங்கள் பாஷையில் சொல்லத் தொடங்குவார். வாப்பா கேட்பதாகக் காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் கதை சூடுபிடிக்கும்போது தகரம் அடிக்க மறந்துபோகும்.

மாமாவின் மொழிபெயர்ப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். டொன்னின் வளர்ப்பு மகனும் ஆலோசகனுமான டொம் ஹேகன், மாமாவிடம் கணக்கப்பிள்ளை. அடியாள் கூட்டத்தை நடத்தும் கிளமென்சாவும் டெசியோவும் முல்லைக்காரர். எங்கள் பக்கத்தில் முல்லைக்காரன் என்றால் போடியாருடைய வயலைப் பொறுப்பெடுத்துச் செய்விக்கிறவன். போடியார் சம்மாந்துறையிலோ கல்முனையிலோ வீட்டில் இருப்பார். வட்டையில் கிடந்து தண்ணீர் கட்டுவதும் கூலிக்காரரைப் பிடிப்பதும் காவல் காப்பதும் முல்லைக்காரன். பிற்பாடு சிசிலியின் சரித்திரத்தைப் படித்தபோது, மாமா சும்மா சொல்லிவைத்த சொல் எவ்வளவு கிட்டப் போயிருக்கிறது என்று பார்த்தேன். 1812இல் அங்கே நிலமானிய முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் பெரிய கோதுமைப் பண்ணைகளின் சொந்தக்காரர்கள் பலெர்மோ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, நிலத்தைக் கபெல்லோத்தோ எனப்படும் குத்தகைக்காரனிடம் விட்டிருந்தார்கள். அவன் துவக்குக்காரரைக் காவலுக்கு வைத்தான். மேலே முதலாளிக்கும் கீழே குடியானவனுக்கும் நடுவில் நின்ற அந்த ஆளிலிருந்துதான் மாஃபியா முளைத்தது என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுகிறார்கள். எங்கள் முல்லைக்காரன் கையில் மண்வெட்டிதான் இருந்தது. அந்த மட்டில் நாங்கள் தப்பினோம்.

முதல் இரவில் சொன்னது கல்யாண வீடு. டொன்னின் ஒரே மகள் கொனிக்குக் கல்யாணம். மாமா சொன்ன கல்யாணத்தில் பெண்கள் குரவையிட்டார்கள், பொல்லடி நடந்தது, சவனில் ஐந்து பேர் சேர்ந்திருந்து சாப்பிட்டு, கடைசியில் வட்டிலப்பமும் வந்தது. உள்ளே இருட்டறையில் டொன் இருக்கிறார். மகள் கல்யாணத்தன்று யார் வந்து எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாதாம், அது அவர்கள் ஊர் வழக்கம். மையம் அடக்கும் தொழில் செய்கிற பொனசேரா வருகிறான். அவன் மகளை இரண்டு பொடியன்மார் அடித்து முகத்தை உடைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனான், நீதவான் அந்தப் பொடியன்மாரைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது நியாயம் கேட்டு வந்திருக்கிறான்.

"ஏன் மாமா, அவன் முதல்லயே டொன்கிட்ட வரல்ல?"

"அவன் அமெரிக்காக்காரனாகப் பாத்தவன் மனே. சட்டம் இரிக்கு, பொலிஸ் இரிக்கு எண்டு நெனச்சிட்டான்."

"நம்மட மரைக்கார்கிட்டப் போயிருக்கலாமே?"

வாப்பா முதல்முறையாகச் சிரித்தார். நான் கேட்டது பகிடிக்கில்லை. எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. வேலிச் சண்டை, மாடு வயலுக்குள் இறங்கியது, வாங்கிய காசு திரும்பவில்லை என்று எதுவானாலும் முதலில் அங்கேதான் போகும். கல்முனைக் கோர்ட் கடைசிப் படி. அங்கே போனவனை ஊர் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்க்கும். ஆகவே அந்தக் கதையில் எனக்குப் புதுமையாகத் தெரிந்தது டொன் அல்ல. முதலில் கோர்ட்டுக்குப் போன பொனசேராதான்.

இன்னோர் இரவு, டொன் வாலிபனாக இருந்த காலத்துக் கதை. வீட்டு வாடகைக்காரியான ஒரு விதவை, பெயர் கொலம்போ. (எங்கள் தலைநகரத்தின் பேரில் ஒரு பெண்ணா என்று நான் வியந்தது தனிக்கதை.) அவள் வளர்க்கும் நாயினால் பிரச்சினை, வீட்டுக்காரன் வெளியே போகச் சொல்கிறான். அவள் போய் இளம் டொன்னான வீட்டோவிடம் சொல்லுகிறாள். வீட்டோ வீட்டுக்காரனிடம் மிகப் பணிவாக ஒரு வார்த்தை கேட்கிறான். வீட்டுக்காரன் கத்திவிட்டுப் போகிறான். பிறகு வெளியில் விசாரித்துப் பார்த்துவிட்டு வியர்க்க வியர்க்க ஓடி வருகிறான். விதவை இருக்கலாம், நாயும் இருக்கலாம், வாடகையையும் கூட்டமாட்டேன் என்கிறான்.

அந்த இடத்தில் நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். இது நான் கண்ணால் கண்ட சங்கதி.

எங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஒரு விதவைப் பொம்பிளை இருந்தாள். அவளுடைய ஆடு, கொஞ்சம் வசதியான ஒருவரின் நாற்றுமேடையை மேய்ந்துவிட்டது. அவள் குடிசை போட்டிருந்த துண்டு நிலமும் அவருடையதுதான். ஒரு கிழமைக்குள் கிளம்பு என்று சொல்லிவிட்டார். அவள் மரைக்காரிடம் போகவில்லை. மூத்தம்மாவிடம் வந்து அழுதாள். மூத்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அஸர் தொழுதுவிட்டு, வெற்றிலை வட்டாவை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்குப் போனா. விறாந்தையில் பாய் போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. மூத்தம்மா அதைத் தொடவில்லை. வெற்றிலையைக் கிழித்தா, நரம்பெடுத்தா, பாக்கை வெட்டினா. மழையைப் பற்றிப் பேசினா, உப்பு விலையைப் பற்றிப் பேசினா. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. அந்த மனிதர் இரண்டு தரம் "குடிங்க ராத்தா" என்றார். மூத்தம்மா எழும்பும்போது முக்காட்டைச் சரி செய்துகொண்டே, "57 வெள்ளத்து ராவு உங்கட உம்மா எங்கட விறாந்தையிலதானே கெடந்தா? நீங்க அப்ப சின்னப்புள்ள. ஞாபகம் இரிக்காது" என்றா. அவ்வளவுதான். ஆட்டைப் பற்றி, விதவையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் வீடு வந்து சேர முந்தி, அந்த மனிதரின் மகன் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு விதவையின் குடிசைக்குப் போனதை நான் கண்டேன்.

ஆனாலும் வாடியில் அந்தக் கதையைக் கேட்டபோது மூத்தம்மாவை டொன்னாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. டொன் ஆம்பிளை. தாடி வைத்த ஷெய்கு. அடுக்களைப் புகையில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு கிழவிக்கும் அவருக்கும் என்ன?

இத்தனைக்கும் எங்கள் வீடு மூத்தம்மாவின் வீடு. எங்கள் கரையில் குடி தாய்வழியே வரும். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. மகளுக்கு வீடு சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதாத ஒன்று உண்டு: ஒரே கூரையின் கீழ், வீடு கிடைத்த மகளின் புருஷனும் வீடு கிடைக்காத மகனும் இராச்சோற்றுக்கு அருகருகே இருக்கும்போது சோற்றுக் கோப்பையில் கை எப்படி ஓடும் என்பது. எங்கள் வீட்டில் வீட்டோடு இரண்டு ஏக்கர் வயலும் உம்மாவுக்குப் போயிருந்தது. மாமா காவல் காத்த வயல் அதுதான். இதெல்லாம் பத்து வயதில் எனக்குத் தெரியாது.

குதிரைத் தலை இரவு வந்தது. சினிமாக்காரன் வோல்ட்ஸ், டொன்னின் வேண்டுகோளை மறுத்துவிடுகிறான். காலையில் கண் விழித்துப் பார்த்தால், தான் உயிராய் வைத்திருந்த கார்ட்டூம் என்ற பந்தயக் குதிரையின் தலை அவனுடைய படுக்கையில். நான் அதுவரை உயிர்க் குதிரையைக் கண்டதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் வளவில் தனியே வைக்கப்பட்டிருக்கும் மாட்டுத் தலையும் அதன் திறந்த கண்ணும்தான் எனக்குத் தெரியும். என் படுக்கையில் அந்தக் கண்! அன்றைக்கு மூத்திரத்துக்குக்கூட வாடியை விட்டு இறங்கவில்லை. ஷெய்கு ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன். "அவர் செய்யல்ல, செய்விச்சார்" என்றார் மாமா. அந்த வித்தியாசம் என்னவென்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கதையின் கடைசி இரவு, கதிர் பழுத்து வெட்டுக்கு நாள் குறித்த பிறகு. டொன் வயது போய், தொழிலை இளைய மகன் மைக்கலிடம் கொடுத்துவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் தக்காளி நட்டுக்கொண்டிருக்கிறார். காலை வெயில். நெஞ்சு வலிக்கிறது. மண்ணில் சாய்கிறார். மாமா புத்தகத்தை மூடினார். தக்காளிச் செடிக்கு நடுவில் மௌத்தாக எவ்வளவு நஸீபு வேண்டும் என்று நான் நினைத்தேன்.

"முடிஞ்சா?" என்றது வாப்பா. என்னிடமல்ல, நேரே மாமாவிடம். அந்தப் போகம் முழுவதிலும் அவர் மாமாவிடம் நேரே கேட்ட முதல் கேள்வி.

"ஓம் மச்சான், முடிஞ்சி."

வாப்பா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு லாம்புத் திரியைத் தணித்தார். புத்தகத்தில் இன்னும் நிறையப் பக்கங்கள் மாமாவின் விரலுக்கு அந்தப் பக்கம் இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். ஆங்கிலப் புத்தகங்களில் பின்னால் சும்மா பக்கங்கள் இருக்குமாக்கும்.

அதற்கடுத்த கிழமை களவெட்டியில் சூடு மிதித்தார்கள். களவெட்டியில் எல்லாச் சொல்லையும் சொல்லக் கூடாது. நெல்லை நெல் என்னாமல் பொலி என்போம். வேறும் பலவற்றுக்கு மாற்றுப் பேர் இருந்தது. வாய் தவறினால் பெரியவர்கள் முறைப்பார்கள், விளைச்சலின் பறக்கத்துப் போய்விடுமாம். அந்தப் புத்தகத்தை வைத்துக் கொப்போலா எடுத்த படத்தில் மாஃபியா என்ற சொல் ஓரிடத்திலும் வராது. இத்தாலிய அமெரிக்கர்களின் அமைப்பொன்று கேட்டுக்கொண்டதால் திரைக்கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு இந்தக் களவெட்டிதான் ஞாபகம் வந்தது. அந்த அமைப்பை நடத்திய ஜோ கொலம்போவே ஒரு மாஃபியாக் குடும்பத்தின் தலைவர். மறுபடியும் அந்தக் கொலம்போ.

85 சித்திரையில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நெருப்பு விழுந்தது. அதற்குப் பிறகு இராக்காவலுக்கு யாரும் வாடிக்குப் போகவில்லை. பன்றிகள் தின்றது போக மிச்சம் எங்களுக்கு. கதை சொல்லவும் இடமில்லாமல் போயிற்று.

88இல், இந்திய இராணுவம் இருந்த காலத்தில், சாய்ந்தமருதில் ஒரு சொந்தக்கார வீட்டில் டெக் எடுத்து நாயகன் போட்டார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. பொழுதுபடு முன்னம் முடிக்க வேண்டும். அறை நிறைய ஆட்கள், முன்வரிசையில் பாயில் மூத்தம்மா. மாமா என் காதில், "இது அந்த ஸைத்தூன் எண்ணெய்க் கதைதான்டா, பம்பாய்ல நடக்குது" என்றார். கமல்ஹாசனின் வேலு நாயக்கருக்குப் பின்னால் உண்மையில் ஓர் ஆள் உண்டு என்று வந்திருந்த ஒருவர் விளக்கினார்: தூத்துக்குடியிலிருந்து போய் விக்டோரியா டெர்மினஸ் புகையிரத நிலையத்தில் மூட்டை தூக்கி, பிறகு கள்ளச்சாராயத்தால் தாராவியையும் மாட்டுங்காவையும் கைக்குள் வைத்திருந்த வரதராஜ முதலியார். அந்த ஜனவரியில்தான் சென்னையில் இறந்துபோனாராம். அவருடைய உடலைப் பம்பாய்க்குக் கொண்டுபோக விமானம் ஏற்பாடு செய்தது ஹாஜி மஸ்தான். அவர் இராமநாதபுரத்துப் பனைக்குளத்து ஆள், துறைமுகத்தில் கூலி வேலை செய்து பிறகு தங்கம் கடத்திப் பெரியாளானவர், நம்மட ஆள் என்று சொன்னபோது அறையில் ஒரு சின்னப் பெருமை ஓடியது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாராயமும் கள்ளக் கடத்தலும் என்று தெரிந்துகொண்டே பெருமைப்பட்டோம். அங்கே சேரிக்காரருக்குத் தண்ணீரும் அரிசியும் ரேஷன் கார்டும் வேண்டியிருந்தது, அதைக் கொடுக்கக் கந்தோர் இல்லை, இவர்கள் கொடுத்தார்கள், விலையைப் பிறகு வாங்கிக்கொண்டார்கள் என்பது பிற்காலத்துப் படிப்பு. அந்த அறையில் எல்லாரும் கமல் அழும்போது சேர்ந்து அழுதோம்.

மூத்தம்மா அழவில்லை. படம் முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தியதும் வந்த அமைதியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டா.

"எல்லாஞ் சரி, இவன்ட உம்மா எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். வேலுவின் தாயைப் படத்தில் காட்டவேயில்லை என்று யாரோ சொன்னார்கள். "அதான் பாத்தேன்" என்று வட்டாவை எடுத்துக்கொண்டு எழும்பினா.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கப் பத்து வருசத்துக்கு மேல் ஆனது. கொழும்பில் வேலை பார்க்கையில் நாவலை முழுதாக வாசித்தேன். பிறகு அதை எழுதியவரைப் பற்றியும். மரியோ பூசோ சிசிலிக்காரரே அல்ல. நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்து நியூயோர்க்கின் ஏழைத் தெருவொன்றில் குடியேறிய குடும்பம். 1920இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தகப்பனை மனநோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ஏழு பிள்ளைகளையும் தாய்தான் வளர்த்தா. முதலில் எழுதிய இரண்டு நாவல்களுக்கும் நல்ல பேர், காசு இல்லை. இரண்டாவது நாவலின் நாயகி அந்தத் தாயேதான். சூதாட்டக்காரர், இருபதாயிரம் டொலர் கடன் கழுத்தில் நிற்க, காசுக்காகவே மாஃபியாக் கதையை எழுதினார். உண்மையான ஒரு மாஃபியாக்காரனையும் அதற்கு முன் சந்தித்ததில்லை, எல்லாம் வாசித்து எடுத்ததுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1969இல் வந்த புத்தகம் இரண்டு வருசத்துக்குள் தொண்ணூறு இலட்சம் பிரதி விற்றது. பிறகு ஒரு முன்னுரையில் அவர் எழுதினார்: டொன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் காதில் கேட்டது தன் தாயின் குரல்தான். அந்த ஞானம், அந்த இரக்கமின்மை, குடும்பத்தின் மீது அந்தப் பற்று எல்லாம் அவவிடமிருந்து வந்தவை.

கோட்டை நிலையத்தில் மட்டக்களப்பு ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது அதை வாசித்தேன். பச்சைச் சால்வை ஷெய்கு எழும்பிப் போய்விட்டார். அந்த இருட்டறைக் கதிரையில் மூத்தம்மா உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. தொடாத தேத்தண்ணி பக்கத்தில்.

நாவலின் பின்பக்கங்களும் சும்மா இருக்கவில்லை. தகப்பன் மௌத்தான பிறகு மைக்கல் செய்வதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அண்ணனைக் கொல்லக் காட்டிக்கொடுத்தவன் தங்கை கொனியின் புருஷன் கார்லோ. மைக்கல் அவனை வீட்டோடு வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். தங்கையின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவும் நிற்கிறான். பிறகு அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கொல்லுவிக்கிறான். மாமா அவ்வளவு தேடிக் கேட்டு வந்த அந்தச் சொல்லுக்கு உரிய இடமே அதுதான். கணவனின் ரூஹுக்காகத் தினமும் கோயிலுக்குப் போகும் தாயின் பின்னால், கடைசிப் பக்கத்தில் மைக்கலின் மனைவியும் போய் முழந்தாளிடுகிறாள். இதில் ஒரு சொல்லும் எங்கள் வாடியில் விழவில்லை.

தங்கையின் புருஷன். மச்சான். வாடியில் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவரும் அந்த முறைதான். நடுவில் படுத்திருந்த பிள்ளை நான்.

மூத்தம்மா சுனாமிக்கு முந்திய வருசம் மௌத்தானா. அதற்கும் பின்னால், மாமா பென்ஷன் எடுத்து வீட்டோடு இருந்த நாளொன்றில் கேட்டேன். ஏன் மாமா, தக்காளித் தோட்டத்தோடு நிறுத்தினீங்க?

அவர் சிரித்தார். "நானா நிப்பாட்டின? கிழவி நிப்பாட்டின. பேசாம இருந்த ரெண்டு பேரையும் ஒரே வாடிக்குள்ள காவலுக்கு விட்டதும் அவதான். முதல் கிழமை வாய் தொறக்கல்ல நாங்க. 'அப்ப புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போங்க, புள்ளைக்கி ஏதும் கத சொல்லு' எண்டா. ஒவ்வொரு தரமும் காலையில அடுக்களையில வெச்சி, ராவு என்ன சொன்ன, இனி என்ன வருகுது எண்டு கேப்பா. கார்லோட இடம் வந்திச்சி. சொன்னேன். தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. துருவல நிப்பாட்டிட்டு, 'அந்த வாப்பாக்காரன் மௌத்தானதோட கத முடிஞ்சி மகன்' எண்டா. அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு ஏக்கரும்?"

"அது முடியல்ல" என்றார் மாமா. "ஆனா அந்த வெட்டுக்குப் பொறகு நானும் உங்கட வாப்பாவும் கதச்சோம்."

வாப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருந்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். மாமா மறைத்ததையும் மூத்தம்மா மறைக்கச் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். நான் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் அவர் கொழும்பு மெயின் வீதியில் ஒரு புடவைக் கடையில் நின்றவர். வெள்ளிக்கிழமைகளில் கடைப் பொடியன்மாரோடு படத்துக்குப் போவாராம்.

"அந்தப் படத்த ரெண்டு தரம் பாத்த நான்" என்றார். "கார்ல பின்னுக்கு இருந்து கழுத்த இறுக்குவானே அந்தத் தடியன், அப்ப கார்லோட கால் பட்டு முன் கண்ணாடி ஒடயும். அது நல்ல இடம். உன்ட மாமா அத எப்பிடிச் சொல்லுவார் எண்டு பாத்துக்கிட்டுத்தான் இரிந்தேன்."